சமைத்துக்கொண்டிருந்தார்களாம்

ஞாயிற்றுக்கிழமை நம் விழா மேடையில் ஒருவர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாட்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பர்மாவின் அந்தக் கஷ்ட காலத்தில் நம் ஆண்கள் தமிழையும் கோயிலையும் காத்தார்களாம். நம் தாய்மார்கள் அரசியல் எதுவும் தெரியாமல் நிம்மதியாக வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார்களாம். கைதட்டல் வேறு. தட்டியவர்களில் பாதிப் பேர் என் அம்மாவின் இட்லியைத் தின்று வளர்ந்தவர்கள்.

நிம்மதியாக!

1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது எங்கள் தாத்தாவின் மளிகைக் கடையும் போயிற்று. தாத்தா அன்று திண்ணையில் உட்கார்ந்தவர்தான். குறை சொல்லவில்லை, இடிந்துபோன மனிதர். உறவினர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஆட்டுக்கல்லோடு ரங்கூனிலேயே இருந்துவிட்டார். பிறகு அதே கல்லில் அம்மா மாவாட்டித் தெருவில் இட்லி விற்றார்.

அரிசி விளையும் நாட்டில் அரிசிக்கு வரிசை. பங்கீட்டில் கிடைத்ததில் பாதி கல்லும் நெல்லும். அதை முறத்தில் பரப்பிப் பொறுக்கும்போதுதான் அம்மா அரிசியின் மேல் விரலால் அ, ஆ எழுதிக் காட்டுவார். தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு பிறந்தவள் நான். எனக்குத் தமிழ் முறத்திலிருந்து வந்தது. தமிழைக் காத்த ஆண்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சரி, கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1987 செப்டம்பர் 5. இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அக்காவின் கல்யாணத்துக்கென்று அம்மா இட்லிக் காசை உளுந்து டப்பாவின் அடியில் சேர்த்துவைத்திருந்தார். சின்ன நோட்டுகளாக விட்டிருந்தால் பிழைத்திருக்கும். டப்பாவில் இடம் போதவில்லை என்று முந்தைய மாதம்தான் எல்லாவற்றையும் எழுபத்தைந்தாக மாற்றியிருந்தார். அன்று இரவு அம்மா அழுததாக எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணியிடம் அரிசி கடன் வாங்கி ஊறப்போட்டதுதான் நினைவிருக்கிறது. விடிந்தால் இட்லி வாங்க ஆட்கள் வந்துவிடுவார்களே.

அரசியல் தெரியாதாம். அரசியல் எங்கள் உளுந்து டப்பாவுக்குள் வந்து கைவைத்தது ஐயா!

"அவர் பாராட்டாகத்தானே சொன்னார்" என்று தம்பி ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாராட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆண்களும் சிறைக்குப் போனார்கள், அடிபட்டார்கள் என்பீர்கள். உண்மை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு சிறை வாசலில் காத்து நின்றது யார்? நல்ல நாளில் ஏன் சண்டை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் நல்ல நாள் எது என்று எனக்குத் தெரிவதில்லை.

இப்போதைய கதையை விரித்து எழுத முடியாது. காரணம் இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். முகநூலையே பூட்டிவைத்த ஊர் இது. ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரியில், அதை எதிர்த்து இரவு எட்டு மணியானால் வீட்டுக்கு வீடு தட்டிய சட்டிகள் யாருடையவை? பேயை விரட்டச் சட்டி தட்டுவது பர்மிய வழக்கம். எங்கள் வீட்டு இட்லிப் பானையின் மூடி அன்று நசுங்கியது, இன்றும் ஆவி பக்கவாட்டில்தான் போகிறது. மின்சாரம் எப்போது வருமோ அப்போது எழுந்து மாவரைக்கிறோம், அது நடுநிசியானாலும். பாமாயிலுக்கு வரிசையில் நின்றோம். கரி அடுப்புக்குத் திரும்பிவிட்டோம். 2024இல் கட்டாய ராணுவ சேவை அறிவிப்பு வந்த பிறகு என் வீட்டில் சாப்பிடும் தட்டு ஒன்று குறைந்தது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

மூன்று பேருக்கு அளந்து போட்ட கை. இன்னும் அளவு தப்புகிறது. இதுவும் நிம்மதியான சமையல்தான் போலிருக்கிறது.

அந்த மேடைக்குப் பின்னால் அன்று எழுநூறு பேருக்குச் சாம்பார் வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பேச்சு எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஒலிபெருக்கி முன்பக்கம் பார்த்து இருந்தது. வீட்டுக்கு வந்து காணொளியில்தான் கேட்டேன். பந்தி முடிந்து நாங்கள் உட்கார்ந்தபோது கூட்டு தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அற்பத்தனம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அடுத்த மாத அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் வேண்டும் என்று நேற்றே செய்தி வந்துவிட்டது. இன்னும் பதில் போடவில்லை. இந்த முறை தமிழையும் கோயிலையும் காத்த ஆண்கள் நறுக்கட்டும் என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.