மிஸ்ஸி டீ குடிக்கப் போயிட்டாங்களா?

போன வாரம் இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் பக்கம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் உட்காரும் முன்பே பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கென்னடி, பாலிகிளினிக் வேலை. நைட் டூட்டி கிடையாது, ஞாயித்துக்கிழமை லீவு. குடுத்து வச்சவ." சொன்ன வாய் மூடவில்லை, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிவிட்டார். "ராத்திரியானா பாதம் எரியுது, என்னன்னு பாரேன்." பட்டுப்புடவையோடு குனிந்து பார்த்தேன். வேறென்ன செய்ய?

பாலிகிளினிக்கில், அதாவது அரசாங்க வெளிநோயாளி கிளினிக்கில், நான் தாதி. 'மிஸ்ஸி' என்றுதான் இங்கே கூப்பிடுவார்கள். இந்தக் 'குடுத்து வச்சவ'வைக் கேட்டுக் கேட்டு 14 வருஷம் ஆகிவிட்டது. நைட் டூட்டி இல்லைதான். வார்டில் இருக்கும் தோழிகள் படும் பாட்டோடு ஒப்பிட்டுப் பேசும் தைரியம் எனக்கில்லை. ஆனால் 'ஆபீஸ் டைம் வேலை' என்று யாராவது சொன்னால் மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. காலை 8 மணிக்குக் கதவு திறக்கும், மாலை நாலரைக்குப் பதிவு முடியும். சரி. நாலு இருபத்தைந்துக்கு நம்பர் எடுத்தவர் டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, கடைசியில் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் போட எங்கள் அறைக்கு வரும்போது மணி என்ன ஆகும்? பாதி பிரித்த கட்டை அப்படியே விட்டுவிட்டு "நாளைக்கு வாங்க அங்கிள்" என்று சொல்ல முடியுமா? மதியம் 1 மணியிலிருந்து 2 மணி வரை சாப்பாட்டு நேரம் என்று தாளில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் காலை மிச்சத்தை முடிக்கிறோம், ஊசி மருந்து ஃபிரிட்ஜ் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறோம், விட்டுப்போனதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டி வருகிறாள். விடிகாலை நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். மதியம் அவள் பிரெட்டை நின்றுகொண்டே தின்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நானும் நின்றுகொண்டுதான் தின்கிறேன் என்பது வேறு விஷயம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீரிழிவுக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாதம் பார்ப்போம். ஒரு தாத்தா வந்தார் (அவரை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்). கைத்தடி, ஒரு பை நிறைய மாத்திரை, கூட யாரும் இல்லை. ஷூவையும் காலுறையையும் கழற்றவே ஐந்து நிமிஷம். அவசரப்படுத்தக் கூடாது, அவருக்குக் கை நடுங்குகிறது. பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, அது வளையும் வரை பாதத்தில் அங்கங்கே தொட்டுக் கேட்க வேண்டும். 10 கிராம் அழுத்தம், அவ்வளவுதான். "தெரியுதா தாத்தா?" "தெரியலம்மா." கட்டைவிரல்? தெரியலை. குதிகால்? தெரியலை. எதற்கும் இருக்கட்டும் என்று ஷூவுக்குள் கையை விட்டேன். உள்ளே ஒரு குண்டூசி, நோட்டீஸ் போர்டில் குத்துவோமே, அது. அடியிலிருந்து ஏறி நின்றிருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை, சுற்றிலும் வெளுத்து ஊறிப்போய். எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. "வலிக்கலையேம்மா" என்று சிரிக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலிக்காததுதான் ஆபத்து. இப்படி ஆரம்பித்துக் கால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புண்ணைச் சுத்தம் செய்து, டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, வீட்டில் தினமும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரிகிற தமிழில் மூன்று தடவை சொன்னேன். அப்போது கதவு படபடவென்று தட்டப்பட்டது. வெளியே ஒரு குரல், அதுவும் நம் தமிழ்க் குரல்: "எம்புட்டு நேரம் காத்திருக்கிறது? மிஸ்ஸி டீ குடிக்கப் போயிட்டாங்களா?"

அவர் தலைக்கு மேலேயே சுவரொட்டி தொங்குகிறது, ஊழியர்களைத் திட்டாதீர்கள் என்று. பொது ஊழியரை வேலையில் துன்புறுத்தினால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ உண்டு, சட்டம் சொல்கிறது. நடைமுறையில்? "பரவாயில்ல, அவரும் ரொம்ப நேரமா காத்திருக்காரு, ஒரு ஸாரி சொல்லிடுங்க" என்பார்கள். சொன்னேன்.

அந்த மனுஷன் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. காத்திருப்பு எரிச்சல்தான். ஆனால் ஒரு ஆளுக்கு இத்தனை நிமிஷம் என்று அட்டவணை போட்டவர் அந்தக் கதவுக்கு வெளியே உட்காருவதே இல்லை. திட்டு வாங்க நாங்கள் இருக்கிறோம்.

இதில் தமிழ் தெரிந்த பாவத்துக்கு இன்னொரு தண்டனை. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று 2017 தேசிய தினப் பேரணியில் பிரதமராக இருந்த லீ சியன் லூங் சொன்னார். அந்த ஆறு பேரில் தமிழ் மட்டும் பேசுகிறவர் எங்கள் கட்டடத்தில் எந்த மாடியில் உட்கார்ந்தாலும் போன் எனக்குத்தான் வரும். "சிஸ்டர், டூ மினிட்ஸ், டிரான்ஸ்லேட்." போனால் அந்தப் பாட்டி இன்சுலினைத் தினமும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்தி, அங்கே தோல் கட்டியாகிக் கிடக்கும். அதை இரண்டு நிமிஷத்தில் எப்படிப் பேசுவது? இந்த மொழிபெயர்ப்பு எந்தக் கணக்கிலும் வராது. என் அறை வாசலில் சேரும் கியூ மட்டும் என் கணக்கு.

2024ல் தாதியர் வேலையை விடாமல் இருக்க ஏஞ்சல் என்று ஓர் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்கள். 20 வருஷத்தில் ஒரு லட்சம் வெள்ளி வரை கிடைக்கும். வேண்டாம் என்று சொல்ல நான் சாமியாரில்லை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் இருக்கிறது. பாலிகிளினிக்குகளும் 2030க்குள் 32 ஆகப் போகின்றன. நல்லது, கட்டட்டும். உள்ளே நிற்க ஆள்? 2021ல் மட்டும் வெளிநாட்டுத் தாதியரில் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினைந்து பேர் வேலையை விட்டார்கள். என்னோடு இருந்த பிலிப்பினோ சிநேகிதிகள் சிலர் இப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து படம் அனுப்புகிறார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி தாதியர் தினத்துக்கு எங்களுக்குத் துணிப்பை தருவார்கள், வீட்டில் ஏழு இருக்கிறது.

அந்தக் கதவைத் தட்டியவர் புகார் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு விளக்கப் படிவம் வந்தது. 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். "நோயாளியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

விவரம் போதாது என்று நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும்.