அத்தர் யாருக்கு, தடை யாருக்கு

நண்பரின் பதிவுக்குக் கீழே சென்ற வாரம் நடந்த கூத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. 2025 டிசம்பர் 14 அன்று சிட்னியின் போண்டாய் கடற்கரையில், ஹனுக்கா விழாவுக்குக் கூடியிருந்த யூதக் குடும்பங்களைத் தகப்பனும் மகனுமாக இருவர் சுட்டுக்கொண்டிருந்தபோது, வெறுங்கையோடு பின்னால் போய் ஒருவனின் துப்பாக்கியைப் பறித்த அஹ்மத் அல் அஹ்மத்தைப் பற்றி நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில், “ஒரு அஹ்மத்தைக் காட்டி மிச்சப் பேரைப் பூசி மெழுகாதே, இவர்களுக்கு ட்ரம்ப்தான் சரி” என்பது. முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். எழுதியவர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.

சரி, ட்ரம்ப்தான் சரி என்றே வைத்துக்கொள்வோம். எந்த ட்ரம்ப்? 2015 டிசம்பரில், முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதையே முற்றாக நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்ட ட்ரம்பா? அல்லது 2025 நவம்பரில், வெள்ளை மாளிகையில், சிரியாவின் இடைக்கால ஜனாதிபதி அஹ்மத் அல் ஷராவின் மேல் தன் பெயரில் விற்கும் வாசனைத் திரவியத்தைத் தன் கையாலேயே பீச்சிவிட்டு, மனைவிக்கும் ஒன்று கொடுத்து, உங்களுக்கு எத்தனை மனைவி என்று கேட்டுச் சிரித்த ட்ரம்பா? அந்தக் காணொளியை நீங்கள்தான் குழுக்களில் பகிர்ந்தீர்கள். சிரிப்புக் குறி போட்டுப் பகிர்ந்தீர்கள். “எப்படிப்பட்ட ராஜதந்திரி பாருங்கள்” என்று ஒருவர் எழுதியதும் என் நினைவில் இருக்கிறது.

அத்தர் பூசப்பட்டவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் ஈராக்குக்குப் போய் அல் கொய்தாவில் சேர்ந்து, அமெரிக்கப் படையிடம் பிடிபட்டுச் சில ஆண்டுகள் சிறையிருந்து, பின்னர் சிரியாவில் அல் கொய்தாவின் கிளையான அல் நுஸ்ரா முன்னணியைத் தொடங்கிய அபு முகம்மது அல் ஜொலானி என்பவர்தான் அவர். 2013இல் அமெரிக்கா அவரைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் அவர் தலைக்கு 1 கோடி டொலர் விலை வைத்தது. அவர் 2016இல் அல் கொய்தாவோடு உறவை முறித்துக்கொண்டார். 2024 டிசம்பர் 8 அன்று அவருடைய படை டமாஸ்கஸில் நுழைந்தது. அதே மாதம் 20ஆம் திகதிக்குள் அந்த விலை எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த மே மாதம் ரியாத்தில் அவரைச் சந்தித்த ட்ரம்ப், இளமையானவர், கவர்ச்சியானவர், கடினமான ஆள் என்று புகழ்ந்தார். செப்டெம்பரில் நியூயோர்க் மேடையில் அவரைப் பேட்டி கண்டவர், ஒரு காலத்தில் ஈராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அதே ஜெனரல் பெட்ரேயஸ். பட்டியலில் இருந்த பெயரை வெள்ளை மாளிகைப் பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் அடித்துவிட்டார்கள்.

நான் இதில் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதர்கள் மாறலாம். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான், அதை இந்தப் பதிவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: மேற்கத்தியத் தலைவர்களின் மன்னிப்பு மேலே இருப்பவருக்குக் கிடைக்கிறது, அவர்களின் சந்தேகம் கீழே இருப்பவருக்குக் கிடைக்கிறது. அந்தச் சந்தேகத்தைத்தான் நாம் நம்முடைய சொந்த அறிவு என்று எண்ணிக்கொண்டு சுமக்கிறோம்.

அத்தர் பூசி ஐந்து வாரம்கூட முழுதாக ஆகவில்லை. டிசம்பர் 13 அன்று பல்மைராவுக்கு அருகே இரண்டு அமெரிக்க வீரர்களும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் சிரியாவின் பாதுகாப்புப் படையிலேயே இருந்தவன் என்று அந்த நாட்டு அரசே சொன்னது. அதாவது, ஜனாதிபதி ஷராவின் படையைச் சேர்ந்தவன். டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் பயணத் தடைப் பட்டியலில் சிரியா சேர்க்கப்பட்டது. தண்டனை யாருக்கு? இராஜதந்திர விசாவில் வருபவர்களுக்குத் தடையில் விலக்கு இருப்பதால், அந்தப் படையின் தலைவர் நாளைக்கும் போய் இன்னொரு போத்தல் வாங்கி வரலாம். மகளைப் பார்க்கப் போகும் அலெப்போவின் கிழவிதான் போக முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போண்டாயில் துப்பாக்கியைப் பறித்த அஹ்மத் சிரியாவின் இட்லிப் மாகாணத்தில் பிறந்தவர், சிட்னியில் பழக்கடை வைத்திருப்பவர். ஷரா பல ஆண்டுகள் ஆண்டதும் அதே இட்லிப்பைத்தான். அன்று 15 பேர் கொல்லப்பட்டார்கள். அஹ்மத் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் உடம்பிலும் குண்டு பாய்ந்தது. இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு முதலில் அவரை யூதர் என்று எண்ணிப் பாராட்டிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ள நேர்ந்தது. ட்ரம்பும் மிகமிகத் துணிச்சலான மனிதர் என்று மனம்விட்டுப் பாராட்டினார். பாராட்டிய இரண்டொரு நாளில் கையெழுத்திட்ட தடையின்படி, அந்தத் துணிச்சலான மனிதரின் தம்பி மகன் இட்லிப்பிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு சுற்றுலா விசா கேட்டால் கிடைக்காது. இதைத்தான் நீங்கள் ‘சரி’ என்கிறீர்கள்.

“எதிரியோடு பேசாமல் சமாதானம் எப்படி வரும், தடைகளை நீக்கினால் சிரிய மக்களுக்குத்தானே நல்லது” என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெருந்தன்மையை ஒரு ஜனாதிபதிக்குக் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பழக்கடைக்காரருக்குக் கொடுக்க ஏன் கைவருவதில்லை என்பதுதான் என் கேள்வி. அதற்கு அவர் பதில் எழுதவில்லை.

இது ட்ரம்போடு தொடங்கியதும் இல்லை. 1983 பெப்ரவரியில் ரீகன் ஆப்கான் முஜாஹிதீன்களை வெள்ளை மாளிகையில் உட்கார வைத்துப் பேசிய படம் இன்றைக்கும் கிடைக்கிறது; சோவியத் படைக்கு எதிராகச் சுட்டதால் அன்றைக்கு அவர்கள் விடுதலை வீரர்கள். 2001 செப்டெம்பர் 17 அன்று, இரட்டைக் கோபுரங்களின் இடிபாடு புகைந்துகொண்டிருக்கும்போதே, ஜோர்ஜ் புஷ் வாஷிங்டனின் இஸ்லாமிய மையத்துக்குப் போய், இஸ்லாம் என்றால் அமைதி என்று பேசினார். அந்தப் பேச்சை நான் இன்றும் மதிக்கிறேன். ஒரு தலைவர் அந்த வாரத்தில் அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஆனால் அதே புஷ், விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவர்கூட ஈராக்கியர் இல்லாத நிலையில், 15 பேர் சவூதிக்காரர்களாக இருந்த நிலையில், 2003இல் ஈராக்கைத் தாக்கினார். பிரித்தானியப் பிரதமராக இருந்த டோனி பிளேயர் கூடவே போனார். இலண்டன் தெருக்களில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டு வேண்டாம் என்றார்கள். இந்தப் போர் அல் கொய்தாவின் ஆபத்தை அதிகரிக்கும் என்று பிரித்தானியாவின் சொந்த உளவு மதிப்பீடே முன்கூட்டி எச்சரித்திருந்ததை அந்தப் போரை விசாரித்து 2016இல் வெளியான சில்கொட் அறிக்கை எழுத்தில் வைத்தது. பிறகு ஈராக் இராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்தார்கள். ஆயுதம் பிடிக்கத் தெரிந்த இலட்சக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் வீதிக்கு வந்தார்கள். அமெரிக்கப் படையின் புக்கா சிறைமுகாமில் ஒன்றாக அடைத்து வைத்தவர்களுக்குள் பின்னாளில் ஐ.எஸ். இயக்கத்தின் தலைவரான பக்தாதியும் ஒருவர். யாருக்கும் தண்டனை இல்லை. பிளேயருக்குப் பின்னர் நைட் பட்டம் கிடைத்தது.

“அப்படியானால் தீவிரவாதத்துக்கு மதமே காரணமில்லை என்கிறாயா, எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலையா” என்று இப்போதே தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். இல்லை. அந்த வெறிக்கு ஒரு மதவாசிப்பு இருக்கிறது, பணம் இருக்கிறது, போதிக்கிற வாய்கள் இருக்கின்றன. அதை நான் ஒருபோதும் மூடி மறைத்ததில்லை. ஆனால் அந்த வெறிக்கு அதிகமாகப் பலியானவர்கள் யார் என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்தீர்களா? 2014இல் பெஷாவர் பள்ளிக்கூடத்தில் செத்த பிள்ளைகள் முஸ்லிம்கள். 2016 ஜூலையில் பாக்தாத்தின் கரராடாவில், நோன்புப் பெருநாளுக்குத் துணி வாங்க வந்த இடத்தில் கருகியவர்கள் முஸ்லிம்கள். 2017 நவம்பரில் எகிப்தின் சினாயில் உள்ள ரவ்தா பள்ளிவாசலில், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் சுட்டுக் கொல்லப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் முஸ்லிம்கள். இவர்களுக்காக நாம் அழுததாக எனக்கு நினைவில்லை. “முஸ்லிம்கள் ஏன் கண்டிப்பதில்லை” என்று மட்டும் கேட்கத் தெரியும். தன் பிள்ளையைப் புதைத்தவனிடம் போய்க் கண்டன அறிக்கை கேட்கிறோம்.

நான் இதை எந்த ஆசனத்திலிருந்து எழுதுகிறேன் என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். 2005 ஜூலை 7 அன்று இலண்டனில் 52 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, ஸ்டொக்வெல் நிலையத்தில், ஜோன் சார்ல்ஸ் டி மெனெசெஸ் என்ற பிரேசில் இளைஞரைத் தற்கொலைதாரி என்று எண்ணிப் பொலிசார் ரயில் பெட்டிக்குள் வைத்துத் தலையில் சுட்டார்கள். எந்தச் சம்பந்தமும் இல்லாத மின்தொழிலாளி. அன்றிரவு சித்தி தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, திருநீறை வடிவாப் பூசிக்கொண்டு போ ராசா, உன்னையும் அவங்கள் எண்டு நினைச்சிடுவாங்கள்.” மூன்று குறி பளிச்சென்று தெரியப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். நிலைய வாசலில் இரண்டு சீருடைக்காரர்கள் நிறுத்தினார்கள். திருநீற்றை அவர்கள் பார்த்தார்களோ என்னவோ, பார்த்தாலும் அவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கப் போவதில்லை. பையைத் திறந்து, வேலைச் சட்டையை உதறி, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்த ஒருவர் புட்டைப் பார்த்துவிட்டுச் சற்றுப் பின்வாங்கி, “இது என்ன தூள்” என்று கேட்டார். விரலால் கிள்ளி வாயில் போட்டுக் காட்டிய பிறகுதான் மூடியைத் திருப்பித் தந்தார். எனக்குப் பின்னால் நின்ற வங்காளதேசத்துப் பையன், அவர்கள் கேட்கும் முன்பே தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, புத்தகங்களைத் தரையில் பரப்பிவிட்டுக் கைகளை விரித்து நின்றான். அவனுக்கு அது பழக்கமாகியிருந்தது. நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாமலே நிறுத்திச் சோதிக்க அனுமதித்த அந்தச் சட்டப் பிரிவு மனித உரிமைக்கு முரண் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்புச் சொன்னது. பையனுக்கு அதனால் என்ன கிடைத்திருக்கும்?

ஆகவே, “நமக்கென்ன, அது முஸ்லிம்களின் பிரச்சினை” என்று எழுதியவருக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: கூட்டம் தேடும்போது உங்கள் கழுத்துச் சங்கிலியையும் நெற்றியையும் பார்த்துப் பிரித்தெடுக்காது. 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டபோது, கொலையாளி படகில் வந்த முஸ்லிம் என்று ஒரு பொய் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். உண்மை வருவதற்குள் பள்ளிவாசலுக்குக் கல்லெறிந்து, அகதிகள் தங்கிய விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். அந்த வாரம் கடையை நேரத்தோடு பூட்டிய தமிழர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பூட்டியவர்களில் நீங்களும் ஒருவர்.

“ஈஸ்டர் ஞாயிறை மறந்துவிட்டாயா” என்ற கேள்வி வரும் என்று தெரியும், வந்தும்விட்டது. மறக்கவில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே வந்து குண்டுக்குப் பலியான பிள்ளைகளை மறக்க நான் மனிதனே இல்லையா? ஆனால் அந்தக் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானைப் பற்றி முதலில் அதிகாரிகளிடம் முறையிட்டவர்களில் காத்தான்குடி முஸ்லிம்களே இருந்தார்கள், கேட்க ஆளில்லை. அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் எரிந்தவை, சஹ்ரானைத் தெரியாத முஸ்லிம்களின் கடைகள்.

அந்த இழையிலேயே ஒருவர், 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன் முக்காடு போட்டுக்கொண்டு போனதை ஓட்டு நாடகம் என்று எழுதியிருந்தார். அந்த ‘நாடகக்காரி’ நான்கு வாரத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தையே மாற்றிக் காட்டினார். முக்காடு போட்டால் நாடகம், அத்தர் பீச்சினால் ராஜதந்திரம்.

கடைசியாக, நம்முடைய ஆட்கள் இதை எழுதுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி அனுப்பியபோது, “அவர்களில் யாராவது குண்டு வைத்திருப்பார்கள்” என்று சொன்ன வாய்களை நாம் காலமெல்லாம் திட்டுகிறோம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறப் புலிகள் சொன்னபோதும் அதே கணக்குதான் போடப்பட்டது. எவனோ செய்ததற்கு எல்லோரும் பொறுப்பு என்ற கணக்கை இரண்டு பக்கமும் அனுபவித்த நாம், அதை ட்ரம்ப் வாயால் கேட்கும்போது கைதட்டுகிறோம்.

அந்தக் கருத்தை எழுதிய அண்ணைக்கு: விருப்பக்குறிகளை எண்ணி முடித்துவிட்டீர்கள் என்றால், இந்தச் சனிக்கிழமை ஆட்டிறைச்சி வாங்கப் போகும்போது, பத்துப் பதினைந்து வருடமாக அந்த முஸ்லிம் கடைக்காரரை ‘நானா’ என்று கூப்பிட்டுக் கடனும் சொல்லி வாங்குகிறீர்களே, அந்தக் கடையில் நின்று அதே வரியை வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். நானும் கூடவே வருகிறேன்.