ஐ7 ஸ்டிக்கர் விமானம் ஓட்டாது

நேற்று அந்தத் தம்பியின் பதிவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். விமானம் ஓட்டும் கேமான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 ஓட்ட என்ன லேப்டாப் வாங்கலாம் என்று கேட்டிருந்தான். "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம். கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றார் ஒரு மேதை. லைக் குவிந்தது. கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட் என்று பார்த்து வாங்கப்பா என்றேன். எனக்குக் கிடைத்த பட்டம் "வாட்டு வாத்தியார்". ரொம்ப நன்றி.

வாத்தியார் மறுபடியும் சொல்கிறேன். வாட் என்பது சிப் இழுக்கிற மின்சாரம்; அதைக் குறைத்தால் வேகமும் குறையும். ஐ7 என்ற பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. ஐ7-1355யூ 15 வாட் சிப், அதில் பெரிய கோர், அதாவது கனமான வேலையைச் செய்கிற பகுதி, இரண்டே இரண்டு. பெயரில் சின்னதான ஐ5-12450எச் 45 வாட், பெரிய கோர் நான்கு. எது பெரிசு, சொல்லுங்கள் மேதையே?

கிராபிக்ஸிலும் இதே கதைதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். ஸ்டிக்கர் ஒன்றேதான். ஒல்லி லேப்டாப் சூடு தாங்காதென்று வாட்டைக் குறைத்து வைப்பார்கள்.

அக்கா மகளுக்கு வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது, "இந்த 4060 எத்தனை வாட் தம்பி?" என்றேன். கடைப் பையன் சார்ஜரைத் திருப்பிப் படித்துவிட்டு, "230 சார், செம பவர்!" என்றான். அது சார்ஜரின் வாட், கார்டின் வாட் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை. இங்கே நிபுணர் வேஷம் கட்டுகிறவர்களுக்கு என்ன வந்தது?

"டெஸ்க்டாப் வாங்கச் சொல்ல வேண்டியதுதானே?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஹாஸ்டலில் எங்கே வைப்பான், உங்கள் தலையிலா? "சிமுலேட்டருக்கு பிராசஸர்தான் முக்கியம்." சரி, பெரிய ஏர்போர்ட்டில் இறங்கும்போது திணறுவது அதுதான். அதற்கும் 15 வாட் சிப்பா பதில்? "16 ஜிபி போதும்." மைக்ரோசாஃப்டே 16 குறைந்தபட்சம், 32 பரிந்துரை என்று போட்டிருக்கிறது. ஸ்லாட் இருந்தால் ரேமையாவது பிறகு கூட்டிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு போர்டோடு ஒட்டியே வரும், வாங்கியது வாங்கியதுதான்.

அப்பா சொசைட்டி லோன் போட்டுத் தருகிறார் என்று பதிவிலேயே எழுதியிருந்தானே, அதைப் படித்த பிறகும் வாய்க்கு வந்ததை அடித்துவிட எப்படி மனசு வருகிறது? தவணை உங்கள் சம்பளத்திலா பிடிக்கப்போகிறார்கள்?

வாட் எவ்வளவு என்று கம்பெனி தளத்தில் போடாத மாடலைத் தொடாதே என்று அவனுக்கு இன்பாக்ஸில் எழுதிவிட்டேன். பதிவில் எழுதினால்தான் சிரிக்கிறீர்களே.

"உனக்கெல்லாம் எதுக்குடா ஏரோபிளேன்?" என்று ஒருவர் கேட்டதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நண்பர்கள் சிலரும் உண்டு. பார்த்தேன். பெயர் சொல்லவில்லை.