7 கிலோவுக்குள் எத்தனை வானிலையை அடைப்பது?

இலங்கைக்குப் பெட்டி கட்டுவது இவ்வளவு பாடாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. யாரிடம் கேட்டாலும் "வெயில் ஊர்தானே, நாலு பருத்திச் சட்டை போதும்" என்கிறார்கள். கொழும்புக்கு அது சரி. ஆனால் மலையூரான நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, அப்புறம் விடியும் முன்னே கிளம்பி ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவதென்றால் 2,100 மீட்டருக்கு மேல், காற்று வேறு, காதை மூடக் குல்லாவும் வேண்டும். மழையையாவது ஒரு கணக்கில் பிடிக்கலாமென்றால் அதுவும் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பக்கம் கொட்டுகிறது, அதே மாதங்களில் கிழக்குக் கரையில் இருக்கும் திருகோணமலையில் வெயில் காய்கிறது. டிசம்பரில் அப்படியே தலைகீழ். கோயில், விகாரை என்றால் தோளும் முழங்காலும் மூட வேண்டும், அதற்குத் தனி உடுப்பு.

விமானத்தில் கையில் கொண்டுபோக எனக்கு 7 கிலோதான். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் ஷூவுமே அதில் பாதியைத் தின்றுவிடுகின்றன. மலையில் இரண்டே இரண்டு இரவுக்காக இந்தக் கம்பளிப் பாரத்தைப் பத்து நாளும் வியர்க்க வியர்க்கத் தூக்கித் திரிய வேண்டியிருப்பதுதான் தாங்கவில்லை. "நாலு சட்டை போதும்" என்கிறவர்கள் தயவுசெய்து எந்த ஊருக்கு, எந்த மாதத்துக்கு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.