சிவிடிக்கு ஏரிஎவ் ஒயில் சரிவராது

ஒட்டோ கார் கியர் உதறினால் சாதாரண ஒட்டோ கியருக்கான ஏரிஎவ் (ATF) ஒயில் எதையும் ஊற்றலாம், படிப்படியாகக் கியர் மாறாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடிக்கும் (CVT) அதேதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உதவும் எண்ணத்தில் சொன்னாலும் அது பிழை, தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். வாகன் ஆர் எம்எச்55 போன்ற சிவிடி கார்களில் இரும்பு பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே நெருக்கிப் பிடித்து ஓடுகிறது. அந்தப் பிடிமானத்துக்கென்றே செய்தது சிவிடி ஒயில். ஏரிஎவ் ஊற்றினால் பெல்ட் வழுக்கிக் கப்பியின் முகம் கீறுப்படும். பிறகு உதறல் கூடும்.

உங்கட கார் இதில் எந்த வகை என்று தெரியாவிட்டால், யாழ்ப்பாணத்தில் செம்மணி தாண்டிக் கண்டி வீதியில் அக்சிலரேட்டரை ஒரே அளவாக மிதித்துப் பாருங்கள். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் விழுந்து விழுந்து ஏறினால் பெரும்பாலும் சாதாரண ஒட்டோ. வேகம் ஏறியும் முள் ஒரே இடத்தில் நின்றால் சிவிடி. ஒயில் வாங்கமுன் காரின் கையேட்டையும் பாருங்கள். யப்பான் மொழியில் இருந்தாலும் சிவிடி என்ற மூன்று எழுத்தும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.