127.0.0.1 மட்டும் போதாது
பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில், ஆப்பை உருவாக்கும்போது எஸ்கியூஎல் வரிகள், செட்டிங்ஸ் போன்றவற்றைப் பக்கத்திலேயே காட்டும் பட்டைதான் டீபக் டூல்பார். அது தெரிய, இன்டர்னல் ஐபி பட்டியலில் (பட்டையைப் பார்க்க அனுமதிக்கும் முகவரிகள்) நம் கணினியையே குறிக்கும் 127.0.0.1 சேர்த்தால் போதும் என்கிறது மேலே உள்ள கட்டுரை. டாக்கருக்குள், அதாவது கன்டெய்னர் என்னும் தனித்த சூழலுக்குள், ஓடும் ஆப்புக்கு இது பொருந்தாது. பிரௌசரிலிருந்து வரும் ரிக்வெஸ்ட், கன்டெய்னருக்குள் டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க்கின் கேட்வே (நுழைவாயில்) முகவரியோடுதான் நுழையும், பெரும்பாலும் 172.18.0.1 மாதிரி ஒன்று. பட்டியலில் அது இல்லையென்றால் பட்டை வராது, எரர் செய்தியும் வராது. அந்த எண்ணை அப்படியே எழுதி வைப்பதும் வீண். நெட்வொர்க்கை அழித்துத் திரும்ப உருவாக்கினால் மாறிவிடலாம். செட்டிங்ஸ் ஃபைலில் பைத்தானின் சாக்கெட் மாட்யூல் மூலம் கன்டெய்னரின் ஐபியை எடுத்து, கடைசிப் பகுதியை 1 ஆக்கிச் சேர்ப்பதே வழக்கமான வழி. மேலே கமென்ட்டில் ஒருவர், பட்டையைக் காட்டலாமா என்று முடிவுசெய்யும் ஃபங்ஷனைப் பற்றி, 'கால்பேக்கில் எப்போதும் ட்ரூ திருப்பி அனுப்புங்கள்' என்கிறார். வேண்டவே வேண்டாம்! அதே ஃபைல் தவறி சர்வருக்குப் போனால் எஸ்கியூஎல் வரிகளும் செட்டிங்ஸும் ஊருக்கே தெரியும். கால்பேக் எழுதினால் செட்டிங்ஸில் டீபக் (DEBUG) மதிப்பு ட்ரூவா என்பதையும் அதில் சோதியுங்கள். ஐபி சரியாக இருந்தும் பட்டை வராவிட்டால், டெம்ப்ளேட்டில் பாடி டேக் மூடப்பட்டிருக்கிறதா பாருங்கள், அந்த மூடும் டேகுக்கு முன்னால்தான் பட்டை செருகப்படுகிறது. ஜேசான் மட்டும் தரும் ஏபிஐகளில் பட்டை வராததும் இதனால்தான். அந்த ரிக்வெஸ்ட்களை வேறொரு ஹெச்டிஎம்எல் பக்கத்தின் ஹிஸ்டரி பேனலில் பார்க்கலாம். செட்டிங்ஸின் மிடில்வேர் பட்டியலில் (ரிக்வெஸ்ட்டும் பதிலும் கடந்துபோகும் அடுக்குகள்) டூல்பாரின் மிடில்வேரை முடிந்தவரை மேலே வையுங்கள், ஆனால் பதிலைச் சுருக்கும் ஜிஜிப் மிடில்வேருக்குக் கீழே. சுருக்கிய பதிலுக்குள் எதையும் செருக முடியாதே. எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலிங் பேனல் இயல்பாகவே அணைந்திருக்கும், தேவைப்படும்போது மட்டும் டிக் செய்தால் போதும்.