ஆறு வாரத்துல படிச்சா அது படிப்பு இல்லையா?

சனிக்கிழமை அந்தக் கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னு இங்க நிறைய பேருக்குத் தெரியும், வீடியோவும் சுத்திட்டு இருக்கு, அதனால முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போறதில்ல. ஒரு பொண்ணு எழுந்து, நான் சம்மர் கோர்ஸ்ல நவீன உலக வரலாறு படிச்சேன் சார், அதுல ஒரு சந்தேகம்னு ஆரம்பிச்சா. மேடையில இருந்தவர் சந்தேகம் என்னன்னு கேக்கவே இல்ல. "ஆறு வாரத்துல உலகத்தையே முடிச்சிட்டியாம்மா?"ன்னாரு. அரங்கமே சிரிச்சுது. அந்தப் பொண்ணு உக்காந்துட்டா. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, அதனாலயே தான் இது இன்னும் வலிக்குது.

நானும் அப்படி ஒரு சம்மர் கோர்ஸ்ல தான் உலக வரலாறு படிச்சேன். அதனால பொறுமையா சில விஷயம் சொல்றேன்.

முதல்ல கணக்கு. பல காலேஜ்ல ஒரு செமஸ்டர் பதினஞ்சு வாரம், வாரத்துக்கு மூணு மணி நேரம் வகுப்பு, ஆக மொத்தம் 45 மணி நேரம். சம்மர்ல அதே 45 மணி நேரத்தை ஆறு வாரத்துல நடத்துறாங்க, அதாவது வாரத்துக்கு ஏழரை மணி நேரம். ஒரு மணி நேர வகுப்புக்கு வீட்ல ரெண்டு மணி நேரம் படிக்கணும்னு சொல்றது வழக்கம், அப்ப படிப்பு மட்டும் வாரத்துக்கு பதினஞ்சு மணி நேரம் தனி. அதே பாடம், அதே பரீட்சை, அதே கட்டுரை. எங்கயும் எதையும் தள்ளுபடி பண்ணல. நாள் தான் குறையுது, படிப்பு குறையல. இதை நான் எத்தனை தடவை வேணா சொல்லத் தயார்.

எங்க கோர்ஸ்ல ஒரு நாள் நடந்ததைச் சொல்றேன். சீனாவோட அதிகாரி லின் ஸெஷூ 1839ல விக்டோரியா ராணிக்கு எழுதின கடிதத்தை அச்செடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க எங்க பேராசிரியர். உங்க நாட்டுல அபினைக் கடுமையா தடை பண்ணியிருக்கீங்கன்னு கேள்விப்படறேன், அப்புறம் ஏன் அதை அடுத்த நாட்டுக்கு அனுப்புறீங்கன்னு கேக்குற கடிதம். அது ராணி கைக்குப் போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரமே இல்ல. அதைப் படிச்சு முடிச்சதும், சரி, இந்த அபின் எந்த மண்ணுல விளைஞ்சதுன்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல. மேப்ல பீகாரையும் பனாரஸையும் காட்டினாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் விவசாயிங்களுக்கு முன்பணம் கொடுத்து கசகசா பயிரிட வெச்சு, கல்கத்தாவுல ஏலம் விட்டு, அங்கருந்து தனியார் வியாபாரிங்க கப்பல்ல சீனாவுக்குப் போன சரக்கு. அதுவரைக்கும் அபின் போர்னா இங்கிலாந்துக்கும் சீனாவுக்கும் நடந்த சண்டைன்னு தான் நான் நினைச்சிட்டு இருந்தேன். மறுநாள் வகுப்புல அந்தப் போர்ல தோத்து சீனா கையெழுத்துப் போட்ட 1842 நான்ஜிங் ஒப்பந்தம், ஹாங்காங் பிரிட்டனுக்குக் கைமாறினது, 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் நஷ்ட ஈடு. முந்தின நாள் படிச்ச கடிதம் மனசுல அப்படியே சூடா இருக்கும்போது அந்த ஒப்பந்தத்தைப் படிச்சோம். ஒரு வாரம் கழிச்சுப் படிச்சிருந்தா அது இன்னொரு தேதி, அவ்ளோ தான்.

இதைத் தான் சொல்ல வரேன். வரலாற்றை நெருக்கிப் படிக்கும்போது ஒண்ணு இன்னொண்ணைத் தொட்டுட்டு நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. 1919ஐ எடுத்துக்கோங்க. மார்ச் 1ஆம் தேதி கொரியாவுல ஜப்பானுக்கு எதிரா சுதந்திரப் பிரகடனம் படிக்கிறாங்க. ஒரு வாரத்துல எகிப்துல சுதந்திரம் கேட்ட தலைவர் ஸஃத் ஸக்லூலை பிரிட்டிஷ்காரங்க கைது பண்ணி மால்டாவுக்கு நாடு கடத்துறாங்க, நாடே கொந்தளிக்குது. ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக். மே 4ஆம் தேதி பெய்ஜிங்ல மாணவர்கள் தெருவுல, ஏன்னா சீனாவோட ஷான்டுங் மாகாணத்துல ஜெர்மனிகிட்ட இருந்த உரிமையை சீனாகிட்ட திருப்பித் தராம ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுக்க முதல் உலகப்போர் முடிஞ்சு பாரிஸ்ல நடந்த சமாதான மாநாட்டுல முடிவு பண்ணிட்டாங்க. அதே பாரிஸ்ல ஜூன் மாசம், பின்னாடி ஹோ சி மின்னா உலகத்துக்குத் தெரிஞ்ச ஆளு, வியட்நாம் மக்களோட கோரிக்கையை எடுத்துட்டுப் போறாரு, பெரிய மனுஷங்க யாரும் கண்டுக்கல. ஜூன் 28 ஜெர்மனியோட வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்து. எல்லாம் நாலே மாசத்துக்குள்ள. சுயநிர்ணயம், அதாவது அந்தந்த மக்களே தங்களை ஆளணும்னு அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பேசினது அத்தனை பேர் காதுலயும் விழுந்துச்சு, கதவு மட்டும் ஐரோப்பாவுக்குத் தான் திறந்துச்சு. ரெகுலர் செமஸ்டர்ல இதுல பாதி ஐரோப்பா யூனிட்ல வரும், பாதி ஆசியா யூனிட்ல வரும், நடுவுல இன்டர்னல் டெஸ்ட் வரும், லீவு வரும். எங்களுக்கு எல்லாம் ஒரே வாரத்துல வந்துச்சு. ஒரு ராத்திரி நோட்டை விரிச்சு இந்தத் தேதியெல்லாம் ஒரே கோட்டுல எழுதிப் பாத்தப்ப எனக்குத் தூக்கம் வரல. மிகைப்படுத்திச் சொல்லல, உண்மையிலேயே வரல.

உடனே சொல்லுவீங்க, இதெல்லாம் மேலோட்டம், நுனிப்புல் மேயறதுன்னு. சரி, கேக்குறேன், ரெண்டு நூற்றாண்டு உலக வரலாற்றை பதினஞ்சு வாரத்துல படிச்சா மட்டும் ஆழமா? ஹெய்ட்டியைப் பத்தி எத்தனை ரெகுலர் வகுப்புல ஒரு முழு மணி நேரம் பேசியிருக்கீங்க? 1789ல பிரெஞ்சுப் புரட்சியோட மனித உரிமைப் பிரகடனம்னு பரீட்சைக்கு எழுதுறோம், 1791ல அதே பிரான்ஸோட காலனியா இருந்த ஹெய்ட்டியில அடிமைகள் கிளர்ந்து எழுந்து 1804ல தனி நாடாவே ஆகிட்டாங்க, 1825ல பிரான்ஸ் போர்க்கப்பலைக் கொண்டு வந்து நிறுத்தி 15 கோடி பிராங்க் கேட்டுச்சு, எங்க சொத்து போச்சுன்னு. சொத்துன்னு அவங்க சொன்னதுல மனுஷங்களும் சேர்த்தி. அப்புறம் 9 கோடியா குறைச்சாங்க, ஆனா அதைக் கட்ட வாங்கின கடனோட வால் 1947 வரைக்கும் நீண்டுச்சு. இதை நான் படிச்சது சம்மர்ல. அறிமுக கோர்ஸ்னா அறிமுகம் தான், ஆறு வாரமானாலும் ஆறு மாசமானாலும். அது எங்க குறையா?

சீக்கிரம் மறந்துடும்னு ஒரு வாதம். செமஸ்டர்ல படிச்சவங்க எல்லாம் எதையும் மறக்காம வெச்சிருக்காங்களா, விடுங்க.

ஒரே ஒரு விமர்சனத்துல நியாயம் இருக்கு, பாடம் நடத்துற ஒரு தோழி சொன்னாங்க. 1945க்கு அப்புறம் வர்றதெல்லாம் கடைசி வாரத்துல அடிச்சுப் பிடிச்சு ஓடும். ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடின 1955 பாண்டுங் மாநாடு, 1960ல ஒரே வருஷத்துல 17 ஆப்பிரிக்க நாடுகளுக்கு விடுதலை, 1961 ஜனவரியில காங்கோவோட முதல் பிரதமர் லுமும்பா கொலை, எல்லாம் ரெண்டு மூணு வகுப்புக்குள்ள. உண்மை தான், எனக்கும் அந்தக் குறை இருக்கு. ஆனா ரெகுலர் வகுப்புலயும் இரண்டாம் உலகப்போர் முடியுறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சு போற கதை எல்லாருக்கும் தெரியும் தானே? அப்ப சிலபஸைக் கேளுங்க. படிச்ச புள்ளையை ஏன் கேக்குறீங்க?

சிலபஸ்ல விட்டுப்போனதைக் கேட்டா என்ன நடக்கும்னும் சொல்றேன். இரண்டாம் உலகப்போர் யூனிட்ல, ஜப்பான்காரங்க சயாம்ல இருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலுக்கு ஒரே ஒரு வரி தான் இருந்துச்சு, அதுவும் போர்க்கைதிகளைப் பத்தி. மலாயா தோட்டங்கள்ல இருந்து கொண்டு போன தமிழ்த் தொழிலாளிங்க இதுல எங்கன்னு கேட்டேன். 415 கிலோமீட்டர் பாதை, 1942ல ஆரம்பிச்சு 1943ல முடிச்சாங்க, செத்தவங்கள்ல வெள்ளைக்காரக் கைதிகளை விட ஆசியக் கூலிகள் தான் பல மடங்கு. பேராசிரியர் என் வாயை அடைக்கல. நாளைக்கு நீங்களே பேசுங்கன்னு வகுப்போட முதல் பகுதியைக் கொடுத்தாங்க. தினமும் பாக்குற வகுப்புல தான் இது நடக்கும், இன்னைக்குக் கேட்டதுக்கு நாளைக்கே இடம் கிடைக்கும். ஒரு மாணவர் கேள்வி கேட்டா என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

சரி, சம்மர்ல யார் வந்து படிக்கிறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க வகுப்புல பாதிப் பேர் வேலை பாத்துட்டு வந்தவங்க. பிரசவத்துக்காக ஒரு வருஷம் விட்டுட்டு வந்தவங்க இருந்தாங்க, அரியர் முடிச்சா தான் டிகிரின்னு இருந்தவங்க இருந்தாங்க. ஷிஃப்ட் முடிச்சு வந்து கண்ணு எரிய எரிய மறுநாளைக்கு உண்டான அறுபது எழுபது பக்கத்தைப் படிச்சவங்க. சாவகாசமா நாலு மாசம் படிக்க வசதி இருக்கறவங்க படிக்கட்டும், யார் வேணாம்னா? அந்த வசதி இல்லாதவங்க படிச்சது மட்டும் படிப்பாகாதா? வரலாறு யாரு எவ்வளவு நாள்ல படிக்கணும்னு நீங்க யாரு முடிவு பண்ண?

நாள் கணக்கு பாக்குறவங்களுக்கு இன்னொண்ணு. இந்தியா-பாகிஸ்தான் எல்லைக்கோடு போட்ட பிரிட்டிஷ் வக்கீல் ராட்க்ளிஃப் 1947 ஜூலை 8ஆம் தேதி இந்தியா வந்தாரு, அதுக்கு முன்னாடி இந்த நாட்டை அவர் பாத்ததே இல்ல. பஞ்சாபையும் வங்காளத்தையும் ரெண்டா கிழிக்க அவருக்குக் கிடைச்சது அஞ்சு வாரம். கோடு எங்க போகுதுன்னு மக்களுக்குச் சொன்னதே ஆகஸ்ட் 17, சுதந்திரம் வந்து ரெண்டு நாள் கழிச்சு. லட்சக்கணக்குல செத்தாங்க, ஒரு கோடிக்கும் மேல வீடு வாசலை விட்டுட்டு நடந்தாங்க. அந்த அஞ்சு வாரத்தைப் பத்தி எந்த மேடையிலயும் யாரும் சிரிச்சு நான் பாத்ததில்ல, ரொம்ப கௌரவமா தான் பேசுவாங்க. அதைப் புரிஞ்சிக்க ஆறு வாரம் உயிரைக் கொடுத்து உக்காந்து படிச்சவளைப் பாத்து சிரிப்பு வருது.

நீ ஏன் இவ்ளோ சென்டிமென்டா எடுத்துக்குறன்னு கேக்கப் போறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. எடுத்துக்குவேன்.

வீடியோ வந்ததுல இருந்து, அப்ப சம்மர்ல சேரவா வேண்டாமான்னு இன்பாக்ஸ்ல சிலர் கேக்குறாங்க, அது தான் எனக்கு பயமா இருக்கு. சேருங்க. கூட வேற எந்த கோர்ஸும் எடுக்காதீங்க. ஒரு உலக மேப் சுவத்துல ஒட்டி வெச்சுக்கோங்க, ஒவ்வொரு நாளும் படிச்ச இடத்தை அதுல குறிங்க. வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முதல் வாரப் பக்கங்களைப் படிச்சு முடிச்சிடுங்க, ஒரு நாள் பின்தங்கினா அது செமஸ்டர்ல ரெண்டு மூணு நாள் போனதுக்குச் சமம். சந்தேகம் வந்தா கையைத் தூக்குங்க, யார் சிரிச்சாலும் முழுசா கேட்டுட்டு உக்காருங்க.